நோலா பென்னிகாட் அணைத்த நெருப்பு

ஆம்புலன்சின் பின்கதவை மூடப்போகும் நேரத்தில் கிளாரி பென்னிகாட் முகத்திலிருந்த மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கையசைத்துக் கூப்பிட்டான். மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்திருந்தது. பயமாக இருக்கிறது என்றோ, கூட வா என்றோ சொல்லப் போகிறான் என்று நோலா குனிந்தாள்.

"நெருப்ப அணைய விட்டுடாத" என்றான்.

ஆம்புலன்சில் வந்திருந்த பெண் சிரித்தாள். நோலா சிரிக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குள் போனாள். கூடத்தில் கணப்பு தன் பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது. அதன் கண்ணாடிக் கதவு உள்ளே எதுவும் தெரியாத அளவுக்குக் கறுத்துக் கிடந்தது. அதை எட்டி ஒரு உதை விட்டாள். இரும்புப் பெட்டி அசையவில்லை. அவள் கால் கட்டைவிரல் அந்த வாரம் முழுக்க வீங்கியிருந்தது.

பூமியின் தென்கோடியில், ஜூலையில் குளிர் உச்சிக்கு வரும் ஹூவான் ஆற்றங்கரையில், அவர்கள் இருந்த தெருவில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி உண்டு. பழைய செங்கல் கணப்புக்குள் செருகிய இரும்பு அடுப்பு, முன்னால் கண்ணாடிக் கதவு, கதவுக்குக் கீழே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நெம்புகோல். ஏப்ரலில் போர்வீரர் நினைவு நாளன்று விடிகாலைக் கூட்டத்துக்குப் போய்வந்து ஆண்கள் அதைப் பற்றவைப்பார்கள். அதன்பிறகு அக்டோபரில் விவசாயக் கண்காட்சி விடுமுறை வரைக்கும் அது அணையக்கூடாது. அதுதான் அந்தத் தெருவின் கௌரவம். பப்பில் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி உடம்பு எப்படி என்பதல்ல, "உன்னுது இன்னும் எரியுதா?" என்பதுதான். இராத்திரி படுக்கப் போகும்போது ஈரவிறகாகப் பார்த்து ஒரு பெரிய கட்டையைத் திணிப்பார்கள். நெம்புகோலை முழுக்க மூடிவிடுவார்கள். கட்டை எரியாமல் இராவெல்லாம் புகைந்துகொண்டே கிடக்கும். காலையில் கிளறினால் கங்கு இருக்கும். அவ்வளவுதான் வித்தை.

புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் நெருப்பை அணைக்க வேண்டும். அதனால் குளிர்காலத்தில் யாரும் செய்வதில்லை. கோடையில் புகைபோக்கியை யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? பெட்டி வைத்த நாளிலிருந்து இப்படியே கிளாரி பதினோரு வருஷம் ஓட்டிவிட்டான்.

நோலா மலைச்சரிவில் ஆப்பிள் பறிக்க வந்த குடும்பத்தில் பிறந்தவள். பள்ளியை விட்டதும் ஆப்பிள் பொதியும் கொட்டகையில் நின்றாள். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த கிளாரியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பையன்கள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், குளிர் பிடிக்காமல் குவீன்ஸ்லாந்துக்குப் போய்விட்டார்கள். கொட்டகையை மூடியபிறகு அவள் பராமரிப்புப் படிப்பு படித்து, ஆற்றோரத்து முதியோர் இல்லத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாள். துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள், ஊட்டினாள். அவள் பார்த்த வார்டில் யாருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. இல்லம் மோசம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சன்னலோரத்து நாற்காலி யாருக்கு என்பதற்காக, ஒரு காலத்தில் தோட்டமும் லாரியும் வைத்திருந்த இரண்டு கிழவர்கள் அழுததை அவள் பார்த்திருக்கிறாள். தன் வீட்டு ஆளை அங்கே கொண்டுபோய் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் லியோனி என்ற நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"வீட்ட எப்படிச் சூடு பண்றீங்க நோலாம்மா?"

"விறகுதான். மரவீடு. கரண்டு ஹீட்டர் வச்சா பூனைக்குக்கூடப் பத்தாது."

"புகை வீட்டுக்குள்ள வருமா?"

பொய் சொல்ல நோலாவுக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. "கதவத் திறந்தா வரும்" என்றாள்.

"புகை வந்தா கத்துற மணி?"

"அது சும்மா சும்மா கத்துதுன்னு பேட்டரியப் பிடுங்கி ரேடியோல போட்டுட்டான்."

லியோனி பேனாவை மூடி வைத்தாள். "இனிமே அவருக்கு நாள் முழுக்க ஆக்சிஜன் வேணும். புகை வர்ற வீட்டுக்கு நான் மெஷின் அனுப்ப முடியாது. அந்த நுரையீரலுக்கு இன்னொரு தடவ இப்படி வந்தா தாங்காது. வர்ற வாரம் நான் வந்து பார்க்கறேன். சரியா இருந்தா வீட்டுக்கு அனுப்பறேன். இல்லன்னா இல்லத்துல ஒரு ரூம் காலியா இருக்கு."

"எந்த ரூம்?"

"அஞ்சாம் நம்பர்."

நோலாவுக்கு அந்த ரூம் தெரியும். அதன் சன்னலில் ஆற்றங்கரை தெரியாது. கார் நிறுத்துமிடம் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டி, புகைபோக்கி சுத்தம் செய்யும் ரோவீனாவுக்குப் போன் போட்டாள்.

"நெருப்பு முழுசா அணைஞ்சு பெட்டி ஆறியிருக்கணும்" என்றாள் ரோவீனா.

"எங்களுது அணையாது."

"தெரியும். உங்க தெருவுல ஜூலை மாசம் எனக்கு ஒரு வேலயும் வராது. ஒண்ணு அக்டோபர்ல என்னக் கூப்பிடுவீங்க, இல்லன்னா அதுக்கு முன்னால தீயணைப்பு வண்டியக் கூப்பிடுவீங்க."

"நாளன்னைக்கு வா. அணைஞ்சிருக்கும்."

வீட்டுக் கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டு ஸ்னோவி, கிளாரியின் ஆலைக் கூட்டாளி, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் மண்டியிட்டு ஒரு கட்டையைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தான். அறை முழுக்கப் புகை.

"நல்லவேள நான் வந்தேன்" என்றான் ஸ்னோவி. "உயிரு போற நெலமைல கெடந்துது. கட்டைய வச்சு, காத்த மூடிட்டேன். காலைல வரைக்கும் கவல இல்ல."

"வெளிய எடு."

"என்னத்த?"

"கட்டைய. தண்ணி சொட்டுது, பாரு."

"ஈரமா இருந்தாத்தான் நின்னு எரியும் நோலா. இது உனக்குப் புரியாது."

"எரியல ஸ்னோவி, புகையுது. நெருப்ப நான் அணைக்கப் போறேன்."

அவன் எழுந்து நின்றான். ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல முகம் சிவந்தது. "ஜூலைலயா? ஆள் ஆஸ்பத்திரில கெடக்கும்போதா? அவன் மூஞ்சில எப்படி முழிப்ப?"

"அவன் மூஞ்சியப் பார்க்கணும்னுதான் அணைக்கறேன். போ. போறப்போ உன் பூட்ஸ் மண்ணையும் கூட்டிட்டுப் போ."

அந்த ஈரக்கட்டையை அவளே வெளியே இழுத்துப் போட்டாள். நெருப்பு சாகாமல் அடம்பிடித்தது. மறுநாள் மதியம்வரை சாம்பலுக்குள் கங்கு கண் விழித்துக் கொண்டிருந்தது. நோலா கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மடியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் தெருவில் குளிர்காலத்தில் ஒரு வீட்டுப் புகைபோக்கி சும்மா இருந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். சாயங்காலம் வாசற்படியில் துணி போட்டு மூடிய மீன் பாத்திரம் ஒன்று இருந்தது. அடுத்து ஒரு தட்டு நிறைய ஸ்கோன் ரொட்டி. மளிகைக் கடைக்காரி போனில் விசும்பினாள். "கஷ்டப்படாமப் போனாரா நோலா?"

"போகல. ஆஸ்பத்திரில உக்காந்து கஞ்சி நல்லா இல்லன்னு சண்ட போட்டுக்கிட்டிருக்கான். நெருப்ப நான்தான் அணைச்சேன்."

"ஐயய்யோ" என்றாள் கடைக்காரி. செத்துப்போயிருந்தால்கூட இவ்வளவு வருத்தமாகச் சொல்லியிருக்க மாட்டாள். நோலா அந்த மீனை முழுக்கத் தின்று, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ரோவீனா வந்து கூரையேறினாள். புகைபோக்கிக்குள் பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டாள். பிறகு பிரஷ்ஷை விட்டு இழுத்தாள். பெட்டிக்குள் விழுந்தது பொடிப்பொடியான கரி இல்லை. கறுப்பாக, பளபளவென்று, ஓடு ஓடாகக் கொட்டியது. தார் காய்ந்து உடைந்ததுபோல இருந்தது. இரும்பு வாளி ஒன்று நிரம்பியது.

"ஈரவிறகு, காத்து இல்ல, சூடும் இல்ல. புகை மேல போறதுக்குள்ள இப்படி ஒட்டிக்குது" என்றாள் ரோவீனா. "உச்சில இருக்கற வலை முழுக்க அடைச்சுப் போச்சு. அதான் வீட்டுக்குள்ள புகை. இது எரியற சாமான் நோலா. உங்க ஆள் என்னிக்காவது காஞ்ச விறகு போட்டு நல்லா எரிய விட்டிருந்தா, புகைபோக்கிக்குள்ளயே தீப்பிடிச்சிருக்கும். கூரைல இருக்கறதும் மரம்தான?"

"மரம்தான்."

"அப்ப அவர் நல்லா எரிய விடாததே உங்க அதிர்ஷ்டம்."

கிளாரியின் நுரையீரல் எக்ஸ்ரேயையும் இந்த வாளியையும் நோலா ஒரே வாரத்தில் பார்த்தாள். இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. வாளியை மட்டும் கொட்டாமல், கிளாரியின் நாற்காலி பக்கத்தில் வைத்தாள்.

பெட்டிக் கதவின் ஓரத்தில் புகை கசியாமல் அடைக்கும் கயிறு நைந்து போயிருந்தது. ரோவீனா புதிதாக ஒட்டினாள். புகை மணிக்கு நோலா புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாள். பழைய பேட்டரி தீர்ந்து ரேடியோ ஊமையாகிவிட்டது. அதற்கு வாங்க மறந்துவிட்டாள், அல்லது மறக்கவில்லை.

அதன்பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பதினோரு வருஷத்தில் இந்தக் கணப்பை அவள் ஒரு தடவைகூடப் பற்றவைத்ததில்லை. அது வருஷத்துக்கு ஒரே ஒரு தரம் பற்றவைக்கப்படும். விடிகாலைக் கூட்டத்திலிருந்து கிளாரி கோட்டில் மெடலோடு வந்து, பெரிய கட்டைகளை அடுக்கி, ஒரு கோப்பை மண்ணெண்ணெயை ஊற்றி, "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்பான். தள்ளி நின்றதுதான் அவளுடைய பங்கு.

மண்ணெண்ணெய் இல்லாமல் அவன் மாதிரியே அடுக்கினாள். கீழே காகிதம், மேலே கட்டை. தீக்குச்சியைக் கிழித்தாள். காகிதம் எரிந்து தீர்ந்தது. புகை மேலே போகாமல் அவள் மூஞ்சிக்கு நேராகத் திரும்பி வந்தது. புதுப் பேட்டரி போட்ட மணி காது கிழியக் கத்தியது. நோலா அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

வண்டியில் பிரஷ் ஏற்றிக்கொண்டிருந்த ரோவீனா சன்னல் வழியே தலையை நீட்டினாள். "தலகீழா வைங்க. பெரிசு அடியில, சிறுசு மேல, நெருப்பு உச்சில. மொதல்ல புகைக்குழாயச் சூடு பண்ணுங்க. உள்ள குளுந்த காத்து அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

விறகுக் கொட்டகையின் பின்வரிசையில் கிளாரி "நிஜக் குளிர்" வரும் என்று மூன்று வருஷமாகச் சேமித்து வைத்திருந்த யூகலிப்டஸ் விறகு இருந்தது. இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். கணீர் என்றது. ஸ்னோவி திணித்த ஈரக்கட்டையைத் தட்டியபோது தொப் என்றது. பின்வரிசையையே உள்ளே கொண்டுவந்தாள்.

நெம்புகோலை முழுக்கத் திறந்தாள். பிளந்த கட்டை இரண்டை இடைவெளி விட்டுக் கீழே வைத்தாள். அதற்குக் குறுக்கே கைத்தடி கனத்தில் கொஞ்சம், அதற்கு மேல் விரல் கனச் சிராய், உச்சியில் ஒரு பற்றவைக்கும் கட்டி. ஒரு செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்திக் குழாயின் வாயருகே பிடித்தாள். புகை தயங்கி, பிறகு விருட்டென்று மேலே உறிஞ்சப்பட்டது. உடனே உச்சியில் நெருப்பு வைத்தாள். கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே முட்டி போட்டிருந்தாள். அப்படித் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகக்கூடாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நெருப்பு படிப்படியாகக் கீழே இறங்கியது. சிராய் சடசடத்ததும் கதவைச் சாத்தினாள். பெரிய கட்டைகள் பிடித்துக்கொண்டு பெட்டி சூடேறிய பிறகு நெம்புகோலைக் கொஞ்சம் குறைத்தாள். தழல் சோம்பியதும் மறுபடி கொஞ்சம் திறந்தாள். கண்ணாடியின் கறுப்பு சூட்டில் எரிந்து விலக, முதல்முறையாக உள்ளே தெரிந்தது.

"பதினோரு வருஷம்" என்றாள் நோலா கண்ணாடியைப் பார்த்து. பிறகு இன்னும் சில வார்த்தைகள் சொன்னாள். அவை இல்லத்தில் கிழவிகளிடம் கற்றவை.

லியோனி வந்தாள், முகர்ந்தாள், மணியை அழுத்திப் பார்த்தாள், நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள். "மெஷின் படுக்கை ரூம்ல. குழாய் கணப்புப் பக்கம் எட்டவே கூடாது. அந்த அளவுக்கு வெட்டித் தரேன். நெருப்பு வேல முழுக்க உங்களுது. அவர் பக்கத்துலயே போகக்கூடாது."

"அத அவன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நீங்களே சொல்லுங்க" என்று லியோனி சீக்கிரமாகக் கிளம்பிவிட்டாள்.

கிளாரி வெள்ளிக்கிழமை வந்தான். மூக்கில் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்தான், கண்ணாடிக்குள் எரியும் நெருப்பைப் பார்த்தான்.

"இது என்னுது இல்ல" என்றான்.

"இல்லதான்."

"அணைச்சுட்ட."

"அணைச்சேன்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போனேன் உங்கிட்ட. ஒண்ணே ஒண்ணு."

அவள் பதில் சொல்வதற்குள் வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. ஸ்னோவி ஒரு கையில் சாக்குத்துணி சுற்றிய வாளியோடு வந்துகொண்டிருந்தான். வாளிக்குள் செக்கச்சிவந்த கங்கு. "மாப்ளே!" என்று தெருவிலிருந்தே கூவினான். "ஏப்ரல்ல உன் வீட்டுக் கங்க வச்சுத்தான என்னுதப் பத்தவச்சேன்? உன் நெருப்பு சாகலடா, கொண்டாந்திருக்கேன்!"

"உள்ள கொண்டா, உள்ள கொண்டா" என்று கிளாரி எழுந்திருக்கப் பார்த்தான்.

நோலா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளு நோலா, கை சுடுது."

"உள்ள ஒருத்தன் மூக்குல ஆக்சிஜன் ஓடுது. நீ வாளில நெருப்ப வச்சுக்கிட்டு ஊர்வலம் வர்ற. ஒரு கால் உள்ள வச்சே, அத அப்படியே உன் தலையில கவுப்பேன்."

"பெரிய சமாச்சாரமா இது? அஞ்சு கங்கு..."

"கொட்டு. அந்தச் சரளைல. இப்பவே."

ஸ்னோவி அவள் முகத்தைப் பார்த்தான். கொட்டினான். நோலா கெட்டிலிலிருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். உஸ்ஸென்று ஆவி எழும்பியது. உள்ளே கிளாரி வாய்க்கு வந்தபடி திட்டினான், பாதியில் மூச்சு போதாமல் நிறுத்தினான்.

ஸ்னோவி பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கிளாரி எழுந்து நெம்புகோலைப் பார்த்து நடந்தான். "இப்படித் திறந்து விட்டா விறகு முழுக்கத் தீந்துரும்" என்றான். பாதி அறையில் குழாய் விறைத்தது. மூக்கைப் பிடித்து இழுத்தது. கயிற்றில் கட்டிய ஆட்டுக்கடா மாதிரி அங்கேயே நின்றான்.

"ஸ்னோவி, நீ போய் மூடு."

ஸ்னோவி நோலாவைப் பார்த்தான். தன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டான். அசையவில்லை.

"என் வீடுடீ இது!"

நோலா தார் வாளியைத் தூக்கிவந்து அவன் காலடியில் தடாலென்று வைத்தாள். "பாரு. குனிஞ்சு பாரு. இதுதான் உன் வீடு. பப்புல மார்தட்டிக்கிட்டிருந்தியே, அணையாத நெருப்பு, இதுதான் அது. நம்ம தலைக்கு மேல பதினோரு வருஷமா தொங்கிச்சு. புகை வந்தா நீ பேட்டரியப் பிடுங்கின. இருமல் வந்தா சன்னலத் தெறன்னு சொன்ன. நான் இத அணைக்கலன்னா இந்நேரம் எங்க இருப்ப தெரியுமா? இல்லத்துல. அஞ்சாம் நம்பர் ரூம்ல."

"அஞ்சா?" கிளாரியின் குரல் இறங்கிவிட்டது. அவனுடைய அண்ணன் கடைசியாக இருந்த ரூம் அது. "கார் நிறுத்தற பக்கமா?"

"கார் நிறுத்தற பக்கம்தான்."

அவன் மெதுவாகப் பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரலில் நசுக்கினான். "இராத்திரி அணைஞ்சா காலைல குளுருமே" என்றான்.

"குளுரும். கம்பளி இருக்கு. எழுந்து பத்தவைக்க நான் இருக்கேன்."

காலையில் அவள் பற்றவைத்தாள். கிளாரி நாற்காலியிலிருந்தே, இப்படி வை, அப்படி வை என்றான். அவன் சொன்ன எதையும் அவள் செய்யவில்லை. நெருப்பு நன்றாகப் பிடித்தது.

காப்பி ஆறுவதற்குள் ஸ்னோவி வேலியைத் தாண்டி ஓடிவந்தான். தெரு முழுக்க எல்லாப் புகைபோக்கிகளும் தடித்த மஞ்சள் புகையைக் கக்கிக்கொண்டிருந்தன. இவர்கள் வீட்டுக்கு மேல் மட்டும் சுத்தமான வானம். "என்ன ஆச்சு?" என்று மூச்சிரைத்தான். "புகையே இல்லயே. அவனுக்கு ஏதாவது..."

"உள்ள போய்ப் பாரு. பூட்ஸ்."

அவன் உள்ளே போனான். நோலா சாம்பலை இரும்புத் தொட்டியில் அள்ளி, மூடியை அழுத்திப் போட்டு, வெளியே கொண்டுபோகத் தூக்கினாள். முதுகுக்குப் பின்னால் கிளாரியின் குரல், மூச்சு வாங்கினாலும் கெத்து குறையாமல் கேட்டது.

"புகை வரக்கூடாதுடா மாப்ளே. புகை வந்தா அது நெருப்பே இல்ல. மேலேருந்து பத்தவைக்கணும். பெரிசு கீழ, சிறுசு மேல. மொதல்ல குழாயச் சூடு பண்ணணும். இதெல்லாம் தெரியாம நீ என்னத்த எரிச்ச இத்தன வருஷமா? உன் புகைபோக்கிய எப்பக் கடைசியாச் சுத்தம் பண்ணின?"

நோலா கையில் தொட்டியோடு அப்படியே நின்றாள். காது மடல் கொதித்தது. வாசற்கதவை அறைந்து சாத்த வேண்டும்போல இருந்தது. அறைந்தால் நெருப்பு புரண்டு புகை உள்ளே வரும். மெதுவாகச் சாத்திவிட்டு, தொட்டியை மரத்தாழ்வாரத்தில் வைக்காமல், வீட்டைவிட்டுத் தள்ளி, சிமெண்டுத் தரையில் கொண்டுபோய் வைத்தாள்.